சுகர்காரர்களின் கார்னியா மரத்திருக்கிறதா? பஞ்சு, நைலான் இழை, காற்று, மைக்ரோஸ்கோப் – எது சரியாகச் சொல்கிறது?

கண் பரிசோதகராக நான் பார்த்த ஒரு பெரியவர். இருபது வருட சர்க்கரை. வலது கண் சிவந்திருக்கிறதென்று மகள்தான் கூட்டி வந்தார். "எரிச்சல் இருக்காங்க ஐயா?" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா, இவதான் பயப்படுறா" என்றார். சாயத் தாளை ஒற்றி நீல வெளிச்சத்தில் பார்த்தால், கார்னியாவின் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலம்) நடுவில் மிளகு அளவுக்குப் பச்சையாக ஒரு புண். நமக்கென்றால் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே முடியாது. அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

சர்க்கரை கண்ணைக் கெடுக்கும் என்றாலே விழித்திரை மட்டும்தான் பேச்சு. அரை மில்லிமீட்டர் தடிமனில் முன்னால் இருக்கும் கார்னியாவை மறந்துவிடுகிறோம். உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக ஓடும் இடம் அது. இமைக்கச் சொல்வதும், கண்ணீர் சுரக்கச் சொல்வதும், மேல்படலச் செல்களுக்கு ஊட்டம் தருவதும் அந்த நரம்புகள்தான். நாள்பட்ட சர்க்கரை அவற்றைத் தேய்க்கும். விழித்திரைக்குப் போடும் லேசர்கூட, கண்சுவருக்குள் ஓடும் நரம்புகளைச் சுட்டு உணர்ச்சியைக் குறைக்கலாம். அப்புறம் சின்னக் கீறலும் சீக்கிரம் ஆறாது.

இதைக் கண்டுபிடிக்க நான்கு வழி இருக்கிறது.

பஞ்சுதான் பழையது. பஞ்சின் நுனியை நூல் மாதிரி திரித்து, பார்வையில் படாமல் பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய் கார்னியாவைத் தொட வேண்டும். இமைத்தால் உணர்ச்சி உண்டு. செலவே இல்லை, எந்தக் கண் முகாமிலும் செய்யலாம். ஆனால் இதில் அளவு கிடையாது. ஒரு கண்ணை மறு கண்ணோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வோம். அக்கி ஒரு கண்ணில் வந்தால் இந்த ஒப்பீடு அருமையாக உதவும். சர்க்கரையோ இரண்டு கண்ணையும் சேர்த்தே மரக்கச் செய்கிறது. இரண்டும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால், 'இரண்டும் சமம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பெரியவருக்கு இடது கண்ணில் புண்ணே இல்லை. அதுவும் பஞ்சுக்குச் சரியாக இமைக்கவில்லை.

அடுத்தது கோஷே-போனே கருவி. பேனா மாதிரி ஒரு பிடி, அதற்குள் மெல்லிய நைலான் இழை. 60 மில்லிமீட்டர் நீட்டினால் இழை துவண்டு மிக லேசாகத் தொடும்; நீளத்தைக் குறைக்கக் குறைக்க அழுத்தம் ஏறும். ஐந்தைந்தாகக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த நீளத்தில் இமைக்கிறாரோ அதைக் குறித்துக்கொள்ளலாம். அவருக்கு வலது கண்ணில் 20, இடதில் 30. 40-க்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டிய அளவு. இப்படி ஒரு எண் கையில் இருந்தால் அடுத்த முறை ஏறியதா இறங்கியதா என்று சொல்லலாம். குறையும் உண்டு: ஈரக் காற்றில் நைலான் துவளும், அளவு மாறும். 60-லேயே ஆரோக்கியமான கண் உணர்ந்துவிடுவதால் ஆரம்பக்கட்ட இழப்பு தப்பிவிடும்.

அந்த ஆரம்ப இழப்பைப் பிடிக்கக் காற்றுக் கருவி நல்லது. எதுவும் கண்ணைத் தொடாது. காற்றை மெல்ல ஊதி, அதன் வேகத்தையும் சூட்டையும் மாற்றுவார்கள், கரியமில வாயுவைக் கலந்தும் பார்ப்பார்கள். தொடுதல், சூடு, ரசாயன எரிச்சல் என ஒவ்வொரு உணர்ச்சியையும் தனியாக அளக்கலாம். ஆனால் இது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்துக் கருவி, சாதாரண கிளினிக்கில் எதிர்பார்க்க முடியாது.

கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் வேறு ரகம். உணர்ச்சியைக் கேட்காது, நரம்பையே படம் பிடிக்கும். கருப்புப் பின்னணியில் வெள்ளை நூல்களாகத் தெரியும். ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் எத்தனை மில்லிமீட்டர் நரம்பு ஓடுகிறது என்று அளப்பார்கள். விழித்திரையில் கோளாறு தெரியும் முன்பே சிலருக்கு இங்கே நூல்கள் குறைந்திருக்கும். கால் நரம்பு பாதிப்பை அறியவும் இது உதவும், தோலைத் துளைத்துச் சதை எடுக்க வேண்டியதில்லை. கணையமும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றியவர்களுக்கு நரம்பு மறுபடி வளர்ந்ததைக் காட்டியதும் இதுதான். ஆனால் ஒரு படம் பக்கத்துக்கு 0.4 மில்லிமீட்டர் உள்ள சதுரம் மட்டுமே. எந்தத் துண்டை எடுக்கிறோமோ அதைப் பொறுத்து எண் மாறும். விலையும் அதிகம்.

ஆராய்ச்சிக்கும் மருந்துச் சோதனைக்கும் கான்ஃபோகல்தான் சரி, சந்தேகமே இல்லை. ஆனால் தினமும் நூறு பேர் வரும் ஓபி-யில் நான் கேட்பது நைலான் இழையைத்தான். அதுவும் இல்லையென்றால் பஞ்சாவது போதும், 'இரண்டும் சமம்' என்பதை நம்பாத வரைக்கும்.

பஞ்சோ, இழையோ, காற்றோ, உணர்ச்சியை எதனால் பார்த்தாலும் கண் பிரஷர் பார்க்க மரப்புச் சொட்டு விடும் முன்பே செய்துவிட வேண்டும். சொட்டு விட்டபிறகு எல்லாக் கண்ணும் மரத்த கண்தான். அடுத்த செக்கப்பில் அந்தச் சொட்டை எடுக்கும்போது, "உணர்ச்சி பார்த்தாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள்.