ஏழு ஆண்டுகளாக வண்ண கிளாஸ்களுடன்

இணையப் பக்கங்களுக்கான ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பான பூட்ஸ்ட்ராப்பின் நான்காம் பதிப்பு வெளிவந்த 2018ஆம் ஆண்டில், ஒரு ஜவுளிக் கடையின் இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்துக்கொண்டபோதுதான், நிறத்திற்கென்று தனியாக சிஎஸ்எஸ் (தோற்றத்தை வரையறுக்கும் மொழி) எழுதுவதை விட்டு, ஆயத்தமாக இருக்கும் வண்ண கிளாஸ்களை எச்டிஎம்எல்லிலேயே (பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழி) சேர்க்கும் முறைக்கு மாறினேன். கிளாஸ் என்பது பக்கத்தின் ஓர் உறுப்புக்கு இடும் பெயர். அந்தப் பெயருக்குரிய நிறம் அந்த உறுப்புக்கு வந்துவிடும். பழைய தளத்தின் ஸ்டைல்ஷீட்டில், அதாவது சிஎஸ்எஸ் கோப்பில், சாம்பல் நிறம் மட்டும் பதினொரு வெவ்வேறு மதிப்புகளில் எழுதப்பட்டிருந்தது. அவற்றில் பாதியைக் கண்ணால் பிரித்தறியவே முடியவில்லை. அந்தந்த நேரத்தில் வேலை பார்த்தவர்கள் தங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றிய சாம்பலை எழுதிச் சென்றிருந்தார்கள். வண்ண கிளாஸ்களால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை, அந்தப் பதினொன்றும் மூன்றாகச் சுருங்கியதுதான்.

பூட்ஸ்ட்ராப்பில் நிறங்களுக்கு அவை செய்யும் வேலையை வைத்துப் பெயர் இட்டிருக்கிறார்கள். பிழைச் செய்திக்கு டெக்ஸ்ட்-டேஞ்சர், முதன்மைப் பொத்தானின் பின்னணிக்கு பிஜி-பிரைமரி என்று எழுதினால் போதும். ஓராண்டு கழித்துக் கடைக்காரர் தம் கடையின் அடையாள நிறத்தை நீலத்திலிருந்து அரக்குக்கு மாற்ற விரும்பியபோது, சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் சாஸ் மொழிக் கோப்பில் பிரைமரி என்ற ஒரு மாறியின் மதிப்பைத்தான் திருத்தினேன். தளம் முழுவதும் பொத்தான்களும் இணைப்புகளும் தலைப்புப் பட்டையும் ஒரே நேரத்தில் நிறம் மாறின. அன்று அதன் அருமை எனக்கு முழுமையாகப் புரியவில்லை. எதிர்மாறான அனுபவம் ஒன்று வந்த பிறகே புரிந்தது.

2020ஆம் ஆண்டின் இறுதியில் டெயில்விண்ட் என்ற மற்றொரு சிஎஸ்எஸ் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு வந்ததும் அதற்கு மாறினேன். அங்கே ஒவ்வொரு நிறத்திற்கும் மிக வெளிர்ந்த 50 முதல் அடர்ந்த 900 வரை ஒரு படிவரிசை உண்டு. 2023இல் 950 என்ற படியும் சேர்ந்தது. இந்த எண்கள் சில மாதங்களில் கைக்குப் பழகிவிடுகின்றன. பின்னணிக்கு 50 அல்லது 100, பொத்தானுக்கு 600, சுட்டியை அதன்மேல் கொண்டுசெல்லும்போது 700, வெளிர் பின்னணியின்மேல் எழுத்துக்கு 800 என்று யோசிக்காமலே எழுத வந்துவிடுகிறது. வடிவமைப்பாளர் துணையில்லாத சிறிய வேலைகளில்கூட நிறங்கள் ஒன்றோடொன்று இசைந்து நிற்பதற்கு இந்தப் படிவரிசையே காரணம்.

ஆனால் மூன்றாம் ஆண்டில் வேறொரு வாடிக்கையாளரும் அடையாள நிறத்தை மாற்றச் சொன்னார். தேடிப் பார்த்தபோது ப்ளூ-600 என்பது நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இருந்தது. மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று தொடங்கினால், அவற்றில் சில நிறுவனத்தின் அடையாள நிறம், சில வெறும் இணைப்புகள், சில தகவல் பெட்டிகள். எது எதற்காக நீலமாக இருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்துத் திருத்த நான்கு நாட்கள் ஆயின. அதன் பிறகு எந்தத் திட்டத்தைத் தொடங்கினாலும் முதல் வேலையாக பிராண்ட், அலர்ட், இன்ஃபோ போன்ற பெயர்களை அமைப்புக் கோப்பில் வரையறுத்து, டெயில்விண்டின் படிவரிசையை அவற்றுக்கு அடியில் வைத்துவிடுகிறேன். நான்காம் பதிப்பில் தீம் பகுதிக்குள் சிஎஸ்எஸ் மாறிகளாகவே எழுத முடிவதால் இது இன்னும் எளிதாகிவிட்டது.

இரண்டாம் பதிப்பில் இன்னொரு பாடமும் கற்றேன். ஆர்டரின் நிலையைக் காட்டும் சிறு முத்திரைக்கு, நிலைக்கேற்ற நிறத்தின் பெயரை நிரலில் ஒட்டி, பிஜி என்பதோடு நிறமும் எண்ணும் சேர்ந்து கிளாஸ் உருவாகும்படி எழுதியிருந்தேன். என் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. தளத்தை ஏற்றியதும் முத்திரைகள் அனைத்தும் நிறமின்றி வெறும் எழுத்தாக நின்றன. வெளியீட்டின்போது கோப்புகளை வெறும் உரையாகப் படித்து, முழுப் பெயராகக் கண்ணில் படும் கிளாஸ்களை மட்டுமே டெயில்விண்ட் வைத்துக்கொள்கிறது. துண்டுகளாக ஒட்டிய பெயரை அது அறிய வழியில்லை. ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நான்தான் படிக்காமல் விட்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு நிலைக்கும் உரிய முழு கிளாஸ் பெயரை ஓர் அட்டவணையாக எழுதி, அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே உறுப்பில் டெக்ஸ்ட்-கிரே-700, டெக்ஸ்ட்-ரெட்-600 இரண்டையும் எழுதினால், பின்னால் எழுதியதே வெல்லும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்டைல்ஷீட்டில் எந்த விதி பின்னால் வருகிறதோ அதுவே வெல்லும். எச்டிஎம்எல்லில் எழுதிய வரிசைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. வெளியிலிருந்து கிளாஸ் பெறும் கூறுகளுக்கு (பல இடங்களில் திரும்பப் பயன்படுத்தும் பக்கப் பகுதிகளுக்கு), மோதும் கிளாஸ்களில் பின்னால் எழுதியதை மட்டும் வைத்துக்கொள்ளும் டெயில்விண்ட் மெர்ஜ் போன்ற நிரல் நூலகம் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது வாசிக்கத்தக்க நிறத்தைப் பற்றி. அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையின் ஏஏ நிலை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கிறது. டெயில்விண்டின் மூன்றாம் பதிப்பில் வெள்ளைப் பின்னணியில் கிரே-500 ஏறத்தாழ 4.8 தருகிறது, கிரே-400 வெறும் 2.5தான். ஒரே ஒரு படிதான் வித்தியாசம். ஆங்கிலப் பக்கத்தில் கிரே-400இல் எழுதிய தேதியை எப்படியாவது படித்துவிடலாம். தமிழில் 14 பிக்சல் அளவில் அதே நிறத்தை வைத்துப் பார்த்தபோது, முதலில் மறைந்தது புள்ளி. மலிவான கைபேசித் திரையில் ‘கல்’ என்பது ‘கல’ என்றே தெரிந்தது. அன்றிலிருந்து தமிழ் உரைக்கு 600க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

பூட்ஸ்ட்ராப்பின் டெக்ஸ்ட்-வார்னிங் மஞ்சள் வெள்ளையின்மேல் 1.6 அளவு வேறுபாடே தருகிறது. எச்சரிக்கை என்று பெயர் பெற்ற நிறத்தில் எழுதிய எச்சரிக்கையே படிக்க முடியாமல் போவது வருத்தத்திற்குரியது. 5.2 பதிப்பில் வந்த டெக்ஸ்ட்-பிஜி வகை கிளாஸ்கள் பின்னணிக்கு ஏற்ற எழுத்து நிறத்தையும் சேர்த்தே தருவதால், மஞ்சளைப் பின்னணியாக வைத்து அவற்றைப் பயன்படுத்துமாறு எல்லோருக்கும் சொல்கிறேன்.

இருண்ட தோற்றம் வந்தபோதும் பெயரின் பொருள்தான் கைகொடுத்தது. டெயில்விண்டில் நிறத்தையே பெயராக எழுதியிருந்த பக்கங்களில், ஒவ்வொரு நிறத்திற்கும் டார்க் என்ற முன்னொட்டுடன் இன்னொரு கிளாஸ் சேர்க்க வேண்டியிருந்ததால் வரிகள் இரு மடங்காயின. பூட்ஸ்ட்ராப் 5.3இல் டெக்ஸ்ட்-பாடி-செகண்டரி என்று எழுதிய இடங்கள் தாமாகவே மாறிக்கொண்டன.

2025 ஜனவரியில் வந்த டெயில்விண்ட் 4, தன் நிறங்களை, ஒளிர்வு, செறிவு, சாயல் ஆகியவற்றால் நிறத்தைக் குறிக்கும் ஓகேஎல்சிஎச் முறையில் தருகிறது. நல்ல திரைகளில் நிறங்கள் இன்னும் செறிவாகத் தெரிகின்றன. ஆனால் அது சஃபாரி 16.4, குரோம் 111, ஃபயர்பாக்ஸ் 128 ஆகியவற்றுக்கு முந்தைய உலாவிகளுக்கானதல்ல. பழைய கைபேசிகளில் பார்ப்பவர்கள் மிகுந்த ஒரு தளம் என் பொறுப்பில் இருக்கிறது. அதை மூன்றாம் பதிப்பிலேயே வைத்திருக்கிறேன்.