மியாஜிமா ஒருநாள் பயணம்: கடிகாரத்தை விடத் திதி முக்கியம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து ஜப்பானில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய்வரும் பெற்றோர் பலர் ஹிரோஷிமாவையும் பார்த்துவிடுகிறார்கள். பேக்கேஜ் டூர்களில் காலை அமைதிப் பூங்காவுக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூன்று மணி நேரம் மியாஜிமா தீவுக்கும் போகிறது. அந்தத் தீவுக்கு அது போதவே போதாது. முழுப் பகலும் வேண்டும், அதுவும் நாள் பார்த்துப் போக வேண்டும்.

காரணம் கடல். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. மியாஜிமா இருக்கிற செட்டோ உள்கடலில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி அது 3 மீட்டரைத் தாண்டிவிடும். இங்கே கடலோரத்தில் இட்சுகுஷிமா கோயில் இருக்கிறது. கடலுக்குள் நிற்கும் அதன் சிவப்புத் தோரி வாசலை (நம் கோயில் தோரணவாயில் மாதிரி) ஏற்றத்தில் தண்ணீர் சூழ்ந்திருக்கும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து வாசலின் காலடிக்கே நடந்து போகலாம். இரண்டையும் பார்த்தால்தான் மியாஜிமாவைப் பார்த்ததாகக் கணக்கு.

தீவின் சுற்றுலாச் சங்கம் வெளியிடும் ஓத அட்டவணையில் நீர்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கோயில் மிதப்பதுபோல் தெரியும். 100-க்குக் கீழே இறங்கினால் வாசல்வரை நடக்கலாம். அமாவாசை, பௌர்ணமி முடிந்த இரண்டு நாட்களுக்குள் போவது நல்லது. அப்போது பெரும்பாலும் காலையில் ஏற்றமும் பிற்பகலில் வற்றமும் வரும். அஷ்டமி, நவமி பக்கம் போனால் நீர் சரியாக ஏறவும் ஏறாது, வற்றவும் வற்றாது. இன்னொரு சிக்கலும் உண்டு. வசந்தத்திலும் கோடையிலும் பகல் வற்றம் ஆழமாக இருக்கும். குளிர்காலத்தில் ஆழமான வற்றம் இரவில் வருகிறது. டிசம்பர், ஜனவரியில் பகலில் போய் வாசலைத் தொட முடியாமல் திரும்புவதற்கு இதுதான் காரணம். வற்றிய மணலில் பாசியும் சிப்பி ஓடும் கிடக்கும், வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள வாசல் 1875-இல் கட்டியது, உயரம் ஏறத்தாழ 16.6 மீட்டர். பிரதானத் தூண்கள் கற்பூர மரம். அடியில் புதைக்கவில்லை, தன் எடையாலேயே நிற்கிறது. மேல் உத்திரத்தின் உள்ளே கற்களை நிரப்பி எடை கூட்டியிருக்கிறார்கள். 2019-இல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2022 கடைசியில் முடிந்ததால் இப்போது சாரம் மறைக்காது. இட்சுகுஷிமா கோயிலில் நடக்கும்போது தரைப் பலகைகளைக் கவனியுங்கள். நடுநடுவே இடைவெளி விட்டிருப்பது, பெரிய ஏற்றத்தில் தண்ணீர் பலகையைப் பெயர்க்காமல் மேலே வழிந்து போகத்தான்.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் பக்கத்திலேயே தைகன்ஜி என்ற பௌத்தக் கோயில். பேக்கேஜ்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம்மவர்கள் தாண்டக் கூடாது. இங்கே இருப்பவள் பென்சைட்டன், நம் சரஸ்வதிதான். கூத்தனூருக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் படிப்பைத் தொடங்குகிற நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தச் சன்னதி தரும் நிறைவு தனி. மூலச்சிலையை ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் 17-ஆம் தேதிதான் திறந்து காட்டுகிறார்கள். மற்ற நாளில் வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

போகும் வழி எளிது. ஹிரோஷிமா ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) சான்யோ ரயிலில் அரை மணியில் மியாஜிமாகுச்சி, அங்கிருந்து பத்து நிமிடப் படகு. ஜேஆர் படகையே பிடியுங்கள், பகலில் தீவுக்குப் போகும்போது வாசலுக்குப் பக்கமாக வளைந்து போகும். வலப்பக்கம் நிற்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் ஆளுக்கு 100 யென் வருகை வரி உண்டு. ஜேஆர் பாஸ் படகுக் கட்டணத்துக்குச் செல்லும், வரிக்குச் செல்லாது.

தீவிலுள்ள மிசென் மலை 535 மீட்டர். ரோப்வே உச்சிவரை போகாது. இறங்கிய பிறகு அரை மணி நேரம் படியும் மேடுமாக ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ரோப்வே நிலையத்துக் காட்சி மேடையோடு நின்றுகொள்ளலாம், தீவுக்கூட்டம் அங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது. ஏற முடிந்தவர்கள் உச்சிக்கு அருகே ரெய்காடோ என்ற சிறு மண்டபத்தில் 1200 ஆண்டாக அணையவில்லை என்று சொல்லப்படும் நெருப்பைப் பார்க்கலாம்.

இனி சாப்பாடு. அசைவக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். சிப்பி விளைச்சலில் ஜப்பானிலேயே முதலிடம் ஹிரோஷிமா மாவட்டத்துக்குத்தான். ஓட்டோடு சுட்ட சிப்பியில் எலுமிச்சை பிழிந்து கடைவாசலிலேயே தருவார்கள். சதைப்பற்று ஜனவரி, பிப்ரவரியில் உச்சம். சிப்பியும் வேண்டும், பகல் வற்றமும் வேண்டும் என்றால் மார்ச் சரி. அனகோமெஷி என்பது கடல்விலாங்கைச் சுட்டு, அதன் சாற்றில் வெந்த சோற்றின்மேல் அடுக்குவது. மியாஜிமாகுச்சியில் உயேனோ கடை 1901-இலிருந்து இதைத்தான் விற்கிறது. மேசைக்குக் காத்திருக்காமல் பொட்டலமாக வாங்குங்கள், ஆறினாலும் ருசி குறையாது.

சைவக்காரர்கள் ஏமாறுவது குழம்பில். காய்கறி ஊதோன் (தடித்த நூடுல்ஸ்) என்று கேட்டு வாங்கினாலும் அந்தச் சாற்றில் மீன் இருக்கும். மேப்பிள் இலை வடிவக் குட்டிக் கேக்கான மோமிஜி மஞ்சூவின் உள்ளே சிவப்புப் பயறு இனிப்பு, ஆனால் மேல்மாவில் முட்டை. அதனால் கட்டுச்சோறே உத்தமம். ஜப்பான் அரிசி குழைந்து ஒட்டும், தயிர்சாதத்துக்கு அருமை. புளியோதரைக்கு அதைத் தொடாதீர்கள், கட்டியாகிவிடும். பாஸ்மதி வாங்கிக் கிளறுங்கள். தீவில் திரியும் மான்கள் காகிதத்தையும் பையையும்கூட இழுத்துத் தின்னும் என்பதால் படகுத்துறைத் திடலில் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். தீவில் குப்பைத் தொட்டி கிடைப்பது அரிது, காலிப் பொட்டலத்துக்கு ஒரு பை இருக்கட்டும்.

வாங்குவதற்கு ஒரே பொருள் சொல்வதென்றால், மர அன்னக்கரண்டி. பென்சைட்டன் கையிலுள்ள வீணை போன்ற பிவாவின் வடிவத்தைப் பார்த்து செய்ஷின் என்ற துறவி இதை அமைத்ததாகத் தீவில் சொல்கிறார்கள். எழுத்து பொறித்தது மாட்டி வைக்க. சமைக்க எழுத்தும் பூச்சும் இல்லாததை எடுங்கள், தண்ணீரில் நனைத்துவிட்டுச் சோற்றில் விட்டால் பருக்கை ஒட்டாது.

கடைகள் ஐந்து மணிவாக்கில் சாத்திவிடுவார்கள். இருட்டியபின் விளக்கொளியில் வாசலைப் பார்க்க இருப்பவர்கள் நாலரைக்குள் ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும், ராத்திரிச் சாப்பாடு ஹிரோஷிமா திரும்பிய பிறகுதான்.