பழைய புல்லட் வச்சிருக்கவங்க படிங்க: என்ஜின் வேலைக்குக் குடுத்து 22,500 ரூபா போச்சு

ரத்தம் கொதிக்குது, அதான் உடனே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

எங்கப்பா ஓட்டுன 1984 மாடல் புல்லட் 350, இரும்பு பிளாக்கு (சிலிண்டர்). கொஞ்ச நாளா பொகை ஜாஸ்தி, கம்ப்ரஷனே இல்ல, கிக்கர் மேல ஏறி நின்னா போதும் அதுபாட்டுக்கு எறங்கும். போர் அடிச்சு, அதாவது சிலிண்டர உள்பக்கம் கடைஞ்சு பெருசாக்கி, பிஸ்டன் மாத்தணும்னு தெரிஞ்சுபோச்சு. பழைய வண்டிய ரெடி பண்ணி வீடியோ போடுற ஒரு ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன், திருச்சி பக்கம்தான், பேர் வேணாம்.

அந்த ஆளு செருப்பக் கழட்டி ஓரமா வச்சிட்டுதான் கிக்கர்லயே கால வச்சாரு. "அண்ணே, 1955ல மெட்ராஸ்ல அசெம்பிள் பண்ண ஆரம்பிச்ச மாடல்ணே இது, திருவொத்தியூர்ல செஞ்ச என்ஜின், இதெல்லாம் இனிமே கெடைக்காதுண்ணே, என் சொந்த வண்டியா நெனச்சுப் பண்றேன்"னு டேங்க தடவிக்கிட்டே சொன்னாரு. அந்த நிமிஷம் நான் முழுசா நம்பிட்டேன். எங்கப்பாவும் அந்த டேங்க அப்படித்தான் தடவுவாரு. போரிங், 20 ஓவர்சைஸ் (0.020 இன்ச் பெருசான) பிஸ்டன் செட்டு, வால்வு ரெண்டு, கைடு, சீட் கட்டிங், பேக்கிங் செட்டு, லேபர், எல்லாம் சேத்து 22,500னு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு, மொத்தத்தையும் ஜிபேல அனுப்பிட்டேன்.

வண்டி வந்துச்சு, பொகையும் கூடவே வந்துச்சு. போன் போட்டா "புது பிஸ்டன்ணே, ரன்னிங்-இன்ல, பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், மெதுவா ஓட்டுங்க." மெதுவாத்தான் ஓட்டுனேன். ஹெட்டுல, என்ஜின் மேல்பாகத்துல, டக்டக்னு சத்தம் ஆரம்பிச்சுது, கேட்டா "நீங்க என்ன ஆயில் ஊத்துனீங்க?"ன்னு என்னையே திருப்பிக் கேக்குறாரு, அவர் ஊத்துன ஆயில்தான்யா உள்ள இருக்கு! கடைசியில விராலிமலை தாண்டி ரோட்டுலயே நின்னுபோச்சு, டாடா ஏஸ்ல ஏத்திக்கிட்டு வந்தேன்.

எங்க தெருவுல ஒரு பெரியவர், வயசானதால இப்ப கட எல்லாம் வைக்கல, அவர்தான் எங்க வீட்டு வாசல்லயே உக்காந்து பிரிச்சாரு. வால்வ அமுக்குற ராக்கருக்கு ஆயில் போற பைப்பு இருக்கு பாருங்க, அத மாட்டுற, நடுவுல ஆயில் ஓட்டை இருக்குற பேஞ்சோ போல்ட்டுக்கு புது காப்பர் வாஷர் போடாம சிலிக்கான் பேஸ்ட்ட அப்பி வச்சிருக்கானுங்க, அது ஓட்டைக்குள்ள போயி அடைச்சு ராக்கர் காஞ்சே ஓடியிருக்கு, ஜாம் ஆகி ராக்கரத் தள்ளுற ஒரு புஷ்ராடு கம்பியும் வளஞ்சுபோச்சு. ராக்கர் பேரிங் பிளாக்கு மேல் பாதி கீழ் பாதி ஜோடியாத்தான் போடணும், அதயும் மாத்திப் பூட்டியிருக்கானுங்க. பிளாக்கத் தூக்குனா பிஸ்டன் ரிங்கு மூணோட வாயும் ஒரே நேர்கோட்டுல நிக்குது, ஒன்னுக்கொன்னு தள்ளி நிக்கணும். பிஸ்டன் பின்னு வெளிய வராம புடிக்கிற சர்க்ளிப்பு கூட பழசையே நிமித்திப் போட்டிருக்கான், அது கழண்டிருந்தா பிளாக்கே கிழிஞ்சிருக்கும்.

இதெல்லாம் கூட தெரியாத பையன் பூட்டுனான்னு விட்டுடலாம். பெரியவர் பிஸ்டன் மண்டைய மண்ணெண்ணெய்த் துணியால தொடச்சாரு. கரி போனதும் அடியில தெளிவா STD-ன்னு குத்தியிருக்கு, ஆங்கிலத்துல மூணே எழுத்து, ஸ்டாண்டர்டு, அதாவது கம்பெனி சைஸ். எங்கப்பா காலத்து அதே பிஸ்டன்! 70 மில்லி போர், 20 ஓவர்சைஸ்னா அரை மில்லி பெருசா இருக்கணும். போரே அடிக்கல. உப்புத்தாள் போட்டுத் தேச்சு ரிங்க மட்டும் மாத்தி 22,500 வாங்கியிருக்கான்.

போட்டோ அனுப்புனேன். "பூட்டுன பையன் ஊருக்குப் போயிட்டான்ணே, வந்ததும் கேக்குறேன்." மறுபடி கூப்டா "வெளிய பிரிச்சிட்டீங்கல்ல, இனிமே நான் பொறுப்பில்ல." நேர்ல போனா கடையில வேற ஒருத்தன் "அண்ணன் லேத்துக்குப் போயிருக்காரு"ங்குறான். இப்ப என் நம்பரயே பிளாக் பண்ணிட்டாரு. ஆனா வீடியோ மட்டும் தெனமும் வருது, செருப்பக் கழட்டி வச்சிட்டு அடுத்தவங்க வண்டியத் தடவிக்கிட்டு இருக்காரு, பாக்கப் பாக்க வயிறு எரியுது. 22,500 ரூபாங்க, எங்க வீட்டுக்கு அது சின்னக் காசில்ல.

என்ன செக் பண்ணணும்னு வெவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப கை நடுங்குது, முக்கியமானத மட்டும் சொல்றேன். ஹெட்ட மூடுறதுக்கு முன்னாடி போயி பிஸ்டன் மண்டையில என்ன நம்பர் குத்தியிருக்குன்னு கண்ணால பாருங்க. பழைய சாமான் அத்தனையும் கேட்டு வாங்குங்க, தரலன்னா மாத்தவே இல்லன்னு அர்த்தம். ஸ்டார்ட் பண்ணி ராக்கர் மூடியத் தெறந்து ஆயில் ஏறுதான்னு காட்டச் சொல்லுங்க. துண்டுச் சீட்ட நம்பி முழுக் காசு குடுக்காதீங்க, பில்லு வேணும்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குக் கூப்ட்டு கம்ப்ளைன்ட் பதிஞ்சிருக்கேன், பிஸ்டன அப்படியே கவர்ல போட்டு வச்சிருக்கேன். இதே மாதிரி கடையில குடுத்து ஏமாந்தவங்க யாராச்சும் இருந்தா மெசேஜ் பண்ணுங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு சேர்ந்தே போவோம்.