ஐசி-7300: வாட்டர்ஃபாலுக்காகவே வாங்கலாம், ஆனால் புதிதாக வேண்டாம்

ஐகாம் நிறுவனத்தின் ஐசி-7300, ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் ரேடியோ, அவர்கள் மொழியில் ரிக். அதன் புது வடிவமான 7300 மார்க் 2 அறிவிக்கப்பட்டதிலிருந்து பழைய 7300 வைத்திருக்கும் ஹாம்களிடம் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "பழசு விலை இறங்குமே, இப்ப வாங்கிடலாமா?" 100 வாட், நேரடி சாம்ப்ளிங் (வரும் சிக்னலை நேரடியாக எண்களாக்குவது), 50 மெகாஹெர்ட்ஸ் வரை, ஆன்டெனாவைப் பொருத்திக்கொள்ள உள்ளேயே ட்யூனர் என்பதெல்லாம் 2016இல் ரிக் வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தவை. வருடக்கணக்கில் மேசையில் இருந்தால் மட்டும் தெரிகிற இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று இந்த ரிக்கின் மிகப் பெரிய பலம், மற்றது தீராத எரிச்சல். இரண்டுமே அந்த 4.3 அங்குலத் திரையில்தான் இருக்கின்றன.

முதலில் பலம். வாட்டர்ஃபால் என்பது சிக்னல்களை அதிர்வெண் வாரியாக மேலிருந்து கீழே ஓடும் படமாகக் காட்டுவது. பாண்டில் (அலைவரிசைப் பகுதியில்) யார் எங்கே பேசுகிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் வாட்டர்ஃபால் என்று நினைத்து வாங்குகிறோம். நம் ஊர்களில் அது அதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்கிறது. வீட்டையும் தெருவையும் சூழ்ந்திருக்கும் மின் இரைச்சலை அது கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. 40 மீட்டர் பாண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) சிக்னல் அளவு காட்டும் எஸ்-மீட்டர் 7லேயே நிற்கிறது, ஆன்டெனா சரியில்லை, டைபோல் கம்பி ஆன்டெனாவை இன்னும் உயர்த்த வேண்டும் என்று புலம்பும் பலருக்கு உண்மையான எதிரி பக்கத்து அறையின் எல்இடி விளக்குதான். காதுக்கு எல்லா இரைச்சலும் ஒரே மாதிரி "ஸ்ஸ்" என்றுதான் கேட்கும். திரையில் ஒவ்வொன்றுக்கும் தனி முகம்.

எல்இடி டிரைவர், மொபைல் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் போன்ற ஸ்விட்சிங் சப்ளைகள் சீரான இடைவெளியில் நிற்கும் செங்குத்துப் பட்டைகளாகத் தெரியும். அடுத்தடுத்த பட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் அந்தச் சப்ளையின் ஸ்விட்சிங் அதிர்வெண். ஆன் செய்து சூடாகச் சூடாக இந்தப் பட்டைகள் மெதுவாக நகரும். உண்மையான சிக்னல் அப்படி நகராது. மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பு பொறி விட்டால் திரையின் முழு அகலத்துக்கும் குறுக்குக் கோடுகள் அடுக்கடுக்காக விழும். ஏஎம் மோடுக்கு மாற்றிக் கேட்டால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் தெளிவாகக் காதில் விழும். இடியும் குறுக்குக் கோடுதான், ஆனால் ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வரும். சூரிய மின் இன்வெர்ட்டர் என்றால் பொழுது விடிந்ததும் தொடங்கிப் பொழுது சாய்ந்ததும் நின்றுவிடும். கரன்ட் போய் வந்த கையோடு ஒரு புதுப் பட்டை முளைத்தால் அது வீட்டு யூபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஆவது.

இதை முறையாகச் செய்ய ஸ்கோப்பை (வாட்டர்ஃபால் ஓடும் காட்சியை) முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும். டயலை 7.100இல் நிறுத்தி, சென்டர் மோடில் ஸ்பானை (திரையில் தெரியும் அகலத்தை) ±250 கிலோஹெர்ட்ஸுக்கு வையுங்கள். பி.ஆம்ப் (முன் பெருக்கி) ஆஃப். எக்ஸ்பேண்ட்/செட்டைத் தொட்டுத் திரையைப் பெரிதாக்குங்கள். ரெஃப் அளவைக் கூட்டிக் குறைத்து, பின்னணி கருநீலத்தைத் தாண்டாத இடத்தில் விடுங்கள். ரெஃப் திரையின் தோற்றத்தை மட்டுமே மாற்றும், ரிசீவரைத் தொடாது. பி.ஆம்ப் அப்படியல்ல, அதைப் போட்டால் ஸ்கோப்பின் அளவும் கூடவே ஏறும். ஒப்பிட்டுப் பார்க்கும்போது நடுவில் அதைத் தொடாதீர்கள். ஆவரேஜ் அமைப்பில் கவனம் தேவை. சார்ஜர் பட்டைகளைத் தேடும்போது 4இல் வைத்தால் மங்கலானவையும் துலங்கும். மின்கம்பப் பொறியைத் தேடும்போது ஆஃப் செய்துவிடுங்கள், இல்லையென்றால் நொடியில் வந்து போகும் கோடுகள் சராசரியில் கரைந்துபோகும்.

அடுத்தது பேட்டரி. இரைச்சல் வீட்டிலா தெருவிலா என்று பார்க்க, மெயின் இல்லாமலே ரிக் ஓட வேண்டும். ரிக்குக்கு 13.8 வோல்ட், கூடக் குறைய 15 சதவீதம் தாங்கும். அதாவது 11.7 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. கேட்பதற்கு ஓர் ஆம்பியர் அளவுதான் இழுக்கும் என்பதால் யூபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஏஹெச் பேட்டரியே சில மணி நேரத்துக்குப் போதும். அதில் டிரான்ஸ்மிட் மட்டும் செய்யாதீர்கள். முழு பவரில் 21 ஆம்பியர் வரை போகும், அந்தச் சின்ன பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று விழுந்துவிடும். பேட்டரியில் ரிக் ஓடும்போது வீட்டு மெயினை ஆஃப் செய்யுங்கள். அந்தக் கணமே வாட்டர்ஃபாலின் மேல் விளிம்பு சட்டென்று இருண்டால் குற்றவாளி வீட்டுக்குள். மாறவில்லையென்றால் தெருவில். வீட்டுக்குள் என்றால் எம்சிபிக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், வாட்டர்ஃபால் ஸ்பீடு ஃபாஸ்டில் இருக்கட்டும். எந்த எம்சிபியில் பட்டை திரும்பி வருகிறதோ அந்த வரிசையில் உள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் போதும். யூபிஎஸ்ஸையும் தனியாக ஆஃப் செய்ய மறக்கக் கூடாது. மெயினை அணைத்ததும் அது பேட்டரியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், அதன் இரைச்சல் அப்படியே நிற்கும், பழி தெருமேல் விழும்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? மலிவான எல்இடி பல்பு என்றால் மாற்றிவிடுவதே நல்லது. சார்ஜர், அடாப்டர் என்றால் 31 மிக்ஸ் (இந்த அதிர்வெண்களுக்கு ஏற்ற கலவை) ஃபெரைட் வளையம், 2.4 அங்குலம், அதில் வயரை எட்டிலிருந்து பன்னிரண்டு சுற்று. சாதனத்துக்கு ஒட்டியே சுற்ற வேண்டும், நடுவில் நீளமாக வயர் விட்டால் அந்தத் துண்டே ஆன்டெனா ஆகிவிடும். டிசி வயர், மெயின்ஸ் வயர் இரண்டுக்கும் தனித்தனி வளையம். கடையில் கிடைக்கும் கிளிப் மாதிரி பீடை ஒன்று மாட்டிவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்மறுப்பு சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும். ஒரே தடவை நுழைந்து போகும் வயருக்கு 7 மெகாஹெர்ட்ஸில் அந்த பீடு பெரிதாக எதுவும் செய்யாது. தெரு இரைச்சல் என்றால் அது எந்த நேரத்தில் வருகிறது என்று மட்டும் திரை சொல்லும். இடத்தைக் கண்டுபிடிக்கச் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு கம்பம் கம்பமாக நடக்க வேண்டியதுதான். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை இரைச்சலின் பக்கம் திரும்பும்போது ஓசை அமுங்கும். மின்வாரியத்துக்காரரிடம் கம்ப எண்ணோடு போய்ச் சொன்னால்தான் வேலை நடக்கும்.

திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. செட் > ஃபங்ஷனில் ஸ்கிரீன் கேப்சருக்கு பவர் பொத்தானை ஆன் செய்துவிட்டால், அதை லேசாக அழுத்தும்போதெல்லாம் எஸ்டி கார்டில் படம் விழும். ஃபெரைட் போடுவதற்கு முன், பின் என்று இரண்டு படம் எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டிப் பாருங்கள். வாதம் செய்யவே தேவையிருக்காது.

இந்த ஒரு வேலைக்காகவே இந்த ரிக் நகர ஹாம்களுக்கு வரம். இதற்கு முன் இதே விலை வரிசையில் இருந்த எதுவும் இப்படிச் செய்ததில்லை.

இப்போது எரிச்சலுக்கு வருவோம். இவ்வளவும் காட்டுகிற திரை உள்ளங்கைக்குள் அடங்கும், அதைப் பெரிய மானிட்டரில் போட ஒரு சாக்கெட் கூடப் பின்பக்கம் கிடையாது. ±250இல் நிற்கும்போது ஒரு எஸ்எஸ்பி பேச்சு சிக்னல் நூல் மாதிரி தெரியும். அதைத் தொட்டால் ரிக் நேரே அங்கே போகாது. தொட்ட பகுதி முதலில் பெரிதாகும், அதற்குள் இரண்டாவது முறை தொட வேண்டும். சின்னத் திரைக்கு இதைவிட நல்ல வழி இல்லைதான், ஆனால் டிஎக்ஸ் (தொலைதூர) நிலையத்தை எல்லோரும் மொய்க்கும் நேரத்தில் அந்த இரண்டாவது தொடுகை பொறுமையைச் சோதிக்கும். கீயர் (மோர்ஸ்), ஆர்டிடிஒய் (டெலிடைப்) டிகோட், ஆடியோ ஸ்கோப் என எதைத் திறந்தாலும் வாட்டர்ஃபால் மறைந்துவிடும். எம்.ஸ்கோப்பை அழுத்தி மினி ஸ்கோப்பாகத் திரும்பக் கொண்டுவரலாம், ஆனால் பட்டைகளைப் படிக்க அந்த அளவு போதாது. ஐம்பது வயது தாண்டிய கண்ணுக்கு இது தினசரிச் சோதனை. நம் ஹாம்களில் பலர் அந்த வயதுதான்.

பரிகாரம் இருக்கிறது. டபிள்யூஎஃப்வியூ என்ற இலவச மென்பொருள் இதே ஸ்கோப்பை யூஎஸ்பி வழியாகக் கணினித் திரையில் விரித்துக் காட்டும். யூஎஸ்பியைச் சொருகும் முன் டிரைவரை நிறுவுங்கள். பிறகு செட் > கனெக்டர்ஸ் > சிஐ-வியில் யூஎஸ்பி போர்ட்டை "அன்லிங்க் ஃப்ரம் ரிமோட்" என்று மாற்றி, பாட் ரேட்டை 115200 ஆக்குங்கள். இந்த இரண்டில் ஒன்று விட்டாலும் டயல் வேலை செய்யும், ஸ்கோப் மட்டும் வராது. அதே இடத்தில் யூஎஸ்பி செண்ட்/கீயிங்கையும் பாருங்கள். அது ஆர்டிஎஸ்ஸிலோ டிடிஆரிலோ இருந்தால், கணினி போர்ட்டைத் திறந்த நொடியே ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போய் நிற்கும். ஆன்டெனா மாட்டாமல் இருக்கும்போது அது நடந்தால் நல்லதல்ல. ஆஃப் செய்துவிட்டு பிடிடியை (டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றுவதை) மென்பொருளின் கேட் (கணினிக் கட்டுப்பாட்டு) கட்டளைக்கே விட்டுவிடுங்கள்.

இதில்தான் கோபம் வருகிறது. பெரிய திரைக்காக ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தால், லேப்டாப்பின் சார்ஜரே வாட்டர்ஃபாலில் புதுப் பட்டையாக வந்து உட்காருகிறது. இரைச்சலைப் பார்க்க வைத்த கருவி இரைச்சல் போடுகிறது. யூஎஸ்பி கேபிளுக்கு ஒரு வளையம், சார்ஜருக்கு ஒரு வளையம், 100 வாட்டில் பேசும்போது ரேடியோ அலை கேபிளில் ஏறி யூஎஸ்பி துண்டிக்காமல் இருக்க கோஎக்ஸ் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில் ஒரு சோக் என்று செலவு நீள்கிறது. போட்டி நிறுவனமான யேசுவின் (Yaesu) எஃப்டி-710 ரிக் பின்னால் மானிட்டர் சாக்கெட்டோடு வருகிறது. மார்க் 2விலும் எச்டிஎம்ஐ வந்துவிட்டது, கூடவே லேன், தனி ரிசீவ் ஆன்டெனா வழி. 2016இலேயே இதைச் செய்திருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடுதிரையின் இலக்கணம் அருமை: தொட்டால் மாறும், ஒரு நொடி பிடித்தால் அமைப்பு திறக்கும். மீட்டர், ஃபில்டர், என்பி (துடிப்பு இரைச்சல் அடக்கி), என்ஆர் (இரைச்சல் குறைப்பான்) எல்லாவற்றுக்கும் இதே விதி. ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். தொடும் இடம் விலகிப் போனால் செட் > அதர்ஸில் டச் ஸ்கிரீன் காலிபரேஷன் இருக்கிறது. என்பி மின்கம்பப் பொறிக்கு நன்றாக உதவும், சார்ஜர் பட்டைகளுக்கு உதவாது. லெவலை 50க்கு மேல் ஏற்றினால் பக்கத்து வலுவான நிலையங்கள் உடைந்து கேட்கத் தொடங்கும்.

கணினி வழி டிஜிட்டல் முறையான எஃப்டி8க்கு வருபவர்கள், கணினியில் "வாட்டர்ஃபால் பாதிதான் தெரியுது" என்பார்கள். யூஎஸ்பி-டி மோடில் (இங்கே யூஎஸ்பி கேபிள் அல்ல, மேல் பக்கப்பட்டை) முதல் ஃபில்டரான ஃபில்1 பிறப்பிலேயே 1.2 கிலோஹெர்ட்ஸ். ஃபில்டரைப் பிடித்து 3.0க்கு அகலமாக்கினால் தீர்ந்தது. டேட்டா மாட் உள்ளீடு யூஎஸ்பியில் இருக்கட்டும், ஏஎல்சி (ஒலி மிகையானால் ஏறும்) முள் அசையாத அளவுக்குக் கணினி ஒலியைக் குறையுங்கள், பவரைப் பாதிக்குக் கீழே வையுங்கள்.

ஆவடியின் 720 கிலோஹெர்ட்ஸ் கோபுரம் மாதிரி மீடியம் வேவ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் ஓவிஎஃப் எழுத்து அடிக்கடி கண் சிமிட்டும். அது பழுதல்ல, ஏ/டி கன்வெர்ட்டர் நிரம்பி வழிகிறது என்ற எச்சரிக்கை. முதலில் பி.ஆம்ப் ஆஃப், பிறகு ஆர்எஃப் கெயினைக் குறைப்பது, கடைசியாக 20 டெசிபல் அட்டெனுவேட்டர். இரவு 40 மீட்டரில் பி.ஆம்ப் எப்போதுமே வேண்டாம். உள் ட்யூனர் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருந்தாமையின் அளவு) 3:1 வரைதான். அதற்கு மேல் போகும் நீள வயர் ஆன்டெனாவுக்கு வெளி ட்யூனர் தேவை.

தீர்ப்பு? இவ்வளவு புகழ்ந்துவிட்டுச் சொல்ல மனசில்லைதான், ஆனாலும் பழைய 7300ஐப் புது விலைக்கு வாங்காதீர்கள். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு, திரையைப் பார்க்க இன்னொரு கணினியைச் சார்ந்திருப்பது நியாயமில்லை. புதிதுதான் வேண்டும் என்றால் மார்க் 2வோ எஃப்டி-710ஓ. ஆனால் நம்பிக்கையான கையிலிருந்து பழைய 7300 நல்ல விலைக்கு வந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

எடுக்கும்போது சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சுமையில்) ஒவ்வொரு பாண்டிலும் 100 வாட் வருகிறதா, மல்டி மீட்டரைத் திறந்து வைத்தால் டிரான்ஸ்மிட்டில் விடி (இறுதிப் பெருக்கியின் வோல்டேஜ்) எவ்வளவு இறங்குகிறது. விடி மோசமாக இறங்கினால் முதலில் சப்ளை கேபிளையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் சந்தேகியுங்கள். திரையின் நான்கு மூலையும் தொடுகைக்குப் பதில் சொல்ல வேண்டும். ட்யூனர் ரிலேக்கள் டிக் டிக் என்று ஓடி ஓய்ந்து நிற்க வேண்டும், நிற்காமல் தேடிக்கொண்டே இருக்கக் கூடாது. ஃபேன் சத்தத்தைக் காது வைத்துக் கேளுங்கள். கடிகாரம் நின்றுபோயிருந்தால் விலையைப் பேசக் கிளம்ப வேண்டாம். நீண்ட நாள் சப்ளை இல்லாமல் கிடந்தால் உள்ளே உள்ள சின்ன பேட்டரி இறங்கிவிடும், இரண்டு நாள் 13.8 வோல்ட்டில் இணைத்து வைத்தால் ஏறிவிடும். அதற்குப் பிறகும் நேரம் நிற்காவிட்டால்தான் அந்த பேட்டரியை மாற்ற வேண்டும்.