ரெண்டாயிரம் ரூபாய்க்கு நல்ல பேஸ்: செவன் ஹெர்ட்ஸ் ஜீரோ 2

பேஸ், அதாவது பாட்டின் அடியில் வரும் கீழ் ஒலி, நன்றாக இருக்க வேண்டும், இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி முடிய வேண்டும், எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இப்போதைக்கு நான் கைகாட்டுவது செவன் ஹெர்ட்ஸ் கம்பெனியின் ஒயர் வைத்த இயர்போன், ஜீரோ 2. உட்கார்ந்து பாட்டு கேட்கிற ஆளுக்கான பதில் இது. நாள் முழுக்க போன் பேசவும் அதுவே வேண்டும் என்றால் மைக் வைத்த ஒயர் தனியாக வாங்கி மாட்ட வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியில் அச்சடித்திருப்பதை மறந்துவிடுங்கள். எக்ஸ்ட்ரா பேஸ், டீப் பேஸ், சூப்பர் பேஸ் என்று போடாத கம்பெனியே இல்லை. '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று முன்னூறு ரூபாய் இயர்போன் பெட்டியிலும் இருக்கும், முப்பதாயிரம் ரூபாய் பெட்டியிலும் இருக்கும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறைய ஒலி கீழே இறங்கும். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்தோடு என்று சேர்த்துச் சொல்லாத வரை அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டிரைவர், அதாவது உள்ளே ஒலியை எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், அதன் அளவும் அப்படித்தான். 14 மில்லிமீட்டர் டிரைவர் என்று கொட்டை எழுத்தில் போட்டதை வாங்கி, பொந்துக்குள் இருந்து யாரோ பாடுவதுபோலக் கேட்டவர்கள் நிறைய பேர். ஜீரோ 2-இல் இருப்பது வெறும் 10 மில்லிமீட்டர் டிரைவர் ஒன்றுதான்.

சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் நின்றால் கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். "பேஸ் வேணுமா சார்? இதைப் போட்டுப் பாருங்க, சும்மா அதிரும்" என்று ஒரு குத்துப் பாட்டைப் போட்டுக் காதில் கொடுப்பார். அதிரத்தான் செய்யும். அரை நிமிடத்துக்கு நமக்கும் பிடித்துப்போகும். அந்த அரை நிமிடத்துக்காகவே செய்தவை அவை. 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் ஊதிப் பெருக்கிவிட்டால் எந்தப் பாட்டும் முதல் கேட்பில் அசத்தும், ஆனால் ஆண் குரலின் அடித்தளமும் வீணையின் கீழ்த் தந்திகளும் கிட்டாரின் பாதியும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, அதனால் பேஸ் அங்கே வந்து உட்கார்ந்ததும் பாடுகிறவர் வாயில் துணியை வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரம் கேட்டால் தலை கனக்கும். 'எனக்கு இயர்போனே ஒத்துக்காது' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒத்துக்கொள்ளாதது இந்தக் கொழகொழ பேஸாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

நல்ல பேஸ் அதற்கும் கீழே இறங்க வேண்டும். அதைவிட முக்கியம், மேலே ஏறாமல் நிற்க வேண்டும். நாலு தந்தி பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியை மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அந்த 41 வரவே வராது. ஆனாலும் மெட்டு புரிகிறதே என்றால், 82, 123 என்று மேலே வரும் மடங்குகளைக் கேட்டு மூளை அடியில் இருப்பதை ஊகித்துக்கொள்கிறது. மட்டமான இயர்போனும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது, கொஞ்சம் சத்தமாக. 80-களில் வந்த தமிழ் சினிமாப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு குரலுக்கு அடியில் நடந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, பாடுகிறவரை விட்டுவிட்டு அடியில் நடக்கிறதை மட்டும் வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். முடிந்தால் அந்த இயர்போன் தேறும்.

இன்னொரு சோதனை, எனக்கு இதுதான் பிடித்தது, மிருதங்கம். தொப்பி என்கிற இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பியிருப்பார்கள், அந்த எடைதான் அதன் ஒலியைக் கீழே இறக்குகிறது. அதில் வித்வான் மணிக்கட்டை அழுத்தி கும்கி கொடுக்கும்போது ஒலி ஒரே இடத்தில் நிற்காது, 'தும்' என்று தொடங்கி மேலே வழுக்கிக்கொண்டு போகும். மோசமான இயர்போனில் எல்லாக் கும்கியும் ஒரே 'தும்'தான். ஜீரோ 2-இல் அந்த வழுக்கல் தனியாகத் தெரிகிறது, அதே நேரம் வலந்தலை என்கிற வலப்பக்கத்தில் விழும் 'நம்', 'தின்' எதுவும் மங்கவில்லை. கச்சேரி பழக்கம் இல்லையென்றால் உறுமி வரும் பாட்டு எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் ஏறி இறங்குவது கேட்க வேண்டும். வெறும் இரைச்சலாகக் கேட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஜீரோ 2 வந்தது 2023-இல். அதற்கு முந்தைய ஆண்டு வந்த முதல் ஜீரோ சுத்தமான ஒலிக்குப் பேர் வாங்கியது, ஆனால் பேஸ் பிரியர்களுக்கு உப்பு போதாது. க்ரினக்கிள் என்ற பெயரில் எழுதுகிற சிங்கப்பூர் விமர்சகரோடு சேர்ந்து ட்யூன் செய்தது இந்த ஜீரோ 2. இதில் கீழ்ப்பகுதியைத் தாராளமாக ஏற்றியிருக்கிறார்கள், ஆனால் ஏற்றத்தைக் குரல் இருக்கும் இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே நிறுத்தியிருக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான், ஆனால் இந்த விலையில் அதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. வெளியான விலை 25 டாலர், இங்கே இரண்டாயிரத்தைச் சுற்றி வரும். ஒயரைக் கழற்றி மாற்றலாம் என்பது பெரிய நிம்மதி, ஏனென்றால் இயர்போன் சாவது எப்போதும் ஒயரில்தான். உடம்பு பிளாஸ்டிக், எடையே தெரியாது. ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிப் போட வேண்டும், இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

நெஞ்சில் இடிக்கிற பேஸ் வேண்டும் என்கிறவர்களுக்கு இது போதாமல் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டு டிஜே எஃபெக்டை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

மற்றவை? மூன்டிராப் சூ 2 இன்னும் விலை குறைவு, உலோக உடம்பு, கையில் எடுத்தாலே மதிப்பாக இருக்கும். பேஸ் அளவாக இருக்கும், குரல் முன்னால் நிற்கும். மெலடி அதிகம் கேட்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆயிரத்துக்குக் கீழே என்றால் கே.இசட். கம்பெனியின் ஈ.டி.எக்ஸ். ப்ரோ, துள்ளலான ஒலி, பேஸும் உண்டு, ஆனால் மேல் பக்கம் கொஞ்சம் கூர்மை, ஜால்ரா நிறைய வரும் பாட்டில் உறைக்கும். சோனியின் எக்ஸ்.பி. வரிசை இயர்போன்களுக்கு நம் ஊரில் ஒரு பரம்பரையே ரசிகர்கள் உண்டு. அந்த ஒலி ஒரு ருசி, நல்ல தடிமனான பேஸ், பிடித்தவர்களிடம் வாதாடிப் பயனில்லை. தலைக்கு மேல் போடும் ஹெட்போன் இந்த விலையில் வேண்டாம் என்பது என் கட்சி. காதைச் சுற்றி நன்றாக மூடினால்தான் அதில் பேஸ் நிற்கும், மலிவான மெத்தையில் அந்த மூடல் கிடைக்காது, கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடிக் காது வழியாகவே பாதி பேஸ் வெளியே போய்விடும்.

மூடல் என்றதும்தான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்த இயர்போன் வாங்கினாலும் பேஸ் வருமா வராதா என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது நுனியில் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று கூடவே வரும், நடுத்தரம் மாட்டியே இருக்கும், பெரும்பாலானோர் மற்றவற்றைக் கவரில் இருந்து எடுப்பதே இல்லை. காதுக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ் ஒலிதான் முதலில் கசியும், மேல் ஒலி அப்படியே இருக்கும். உடனே 'பேஸே இல்லை, தகர டப்பா மாதிரி இருக்கு' என்று விமர்சனம் எழுதி ஒரு ஸ்டார் போட்டுவிடுவார்கள்.

பேஸ் கிட்டார் ஓடும் பாட்டை வைத்துக்கொண்டு, இயர்போனை விரலால் உள்பக்கமாக லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் உங்கள் ரப்பர் சிறியது. ஒரு அளவு பெரியதைப் போடுங்கள். போடும்போது இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துளை நேராகும், இயர்போன் உள்ளே சென்று உட்காரும், விட்டதும் மூடிக்கொள்ளும். வெளியே ஓடும் மின்விசிறிச் சத்தம் சட்டென்று அடங்கினால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, எனக்கே இடது பக்கம் ஒன்று பெரியது. சிலிகானில் எதுவுமே நிற்கவில்லையென்றால் ஃபோம் முனைகளைத் தனியாக வாங்கலாம். விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால் உள்ளே போய் விரிந்துகொள்ளும். அழுக்காகும், கொஞ்ச நாளில் மாற்ற வேண்டும், ஆனால் பேஸுக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது.

இந்த மூடல் சரியாக இருந்தால் ஒலியளவையும் குறைக்கலாம். பஸ் எஞ்சின் உறுமலும் கீழ் ஒலிதான், அது பாட்டின் பேஸை விழுங்கிவிடுவதால்தான் நாம் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகிறோம். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு. அதற்கு மேல் ஒலியைக் கூட்டக் கூட நேரம் வேகமாகக் குறையும்.

அப்புறமும் பேஸ் போதவில்லையென்றால் ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் மூன்று நாலு டெசிபல் ஏற்றிவிட்டு, மொத்த அளவை அதே மூன்று நாலு டெசிபல் இறக்குங்கள், இல்லாவிட்டால் உச்சத்தில் ஒலி பிசிறடிக்கும்.

'ஒயர் எல்லாம் யார் இப்போ போடுறாங்க?' என்ற கேள்வி வரும். நியாயம்தான். தினமும் எலெக்ட்ரிக் டிரெயினில் போகிறவர், ஜிம்முக்குப் போகிறவர் ஒயர்லெஸ் வாங்கட்டும். இதே இரண்டாயிரத்தில் அங்கே பேட்டரி, சிப், மைக், சார்ஜ் டப்பா எல்லாவற்றுக்கும் பங்கு போக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒலிக்கென்று மிஞ்சுவது சொற்பம். பேட்டரியும் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும்.

உங்கள் போனில் இயர்போன் செருகும் வட்டத் துளை இல்லையென்றால், சார்ஜ் துளையில் செருகும் டாங்கிள் என்கிற சின்ன மாற்றி ஒன்று வேண்டும். நூறு ரூபாய்க்குத் தொங்கும் டைப்-சி மாற்றிகள் பலவற்றில் உள்ளே வெறும் ஒயர்தான், டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கான சிக்னலாக மாற்றும் டாக் என்ற சிப் இருக்காது, எல்லாப் போனிலும் வேலை செய்யாது. கேட்கும்போதே "டாக் இருக்கிறதாண்ணே?" என்று கேளுங்கள், கடைக்காரர் தெரியாத மாதிரி பார்த்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். ஆப்பிளின் டைப்-சி டாங்கிள் ஒலியில் சுத்தமானது, ஆனால் ஆண்ட்ராய்டு போன் பலவற்றில் சத்தம் குறைவாகவே வரும், அதனால் உங்கள் போனிலேயே செருகிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.