தோட்டப்புறப் பள்ளியில் 1பெஸ்தாரிநெட்: பயன்படுத்திய ஆசிரியையின் அனுபவம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் வேலை செய்கிறேன். கல்வி அமைச்சின் 1பெஸ்தாரிநெட் திட்டம் வந்த நாளிலிருந்து 2019 ஜூன் 30-இல் முடியும்வரை அதைப் பயன்படுத்தினேன். நாடெங்கும் 10,000 பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தருவதற்கு 15 ஆண்டுகளில் 407 கோடியே 70 லட்சம் ரிங்கிட் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

முதலில் இணையம். காலையில் ஓரளவு கிடைக்கும். இரண்டு வகுப்புகள் ஒன்றாக நுழைந்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மழை பிடித்தால் அதுவும் நின்றுவிடும். புகார் செய்தால் மரியாதையாகப் பேசுவார்கள், பதிவு எண் தருவார்கள், ஆள் வர வாரக்கணக்கில் ஆகும். வந்தவர் வேகத்தை அளந்து, படம் எடுத்து, தாளில் கையெழுத்து வாங்கிப் போவார். தலைமையாசிரியர் கையெழுத்திட மறுத்தால் இணையம் தரும் நிறுவனத்துக்கு அந்த மாதப் பணம் நிற்கும் என்று ஒரு வரி அந்தத் தாளில் இருந்திருந்தால், ஆள் மறுநாளே வந்திருப்பார்!

தளத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆறாம் ஆண்டு அறிவியலுக்கு நான் அமைத்த புதிர்களைப் பிள்ளைகள் விரும்பிச் செய்தார்கள், பள்ளியில் இருக்கும்வரை. வீட்டில் கணினி ஏது? பெற்றோருக்கும் கடவுச்சொல் அச்சிட்டுக் கொடுத்தோம். நாள் முழுக்கக் குலை வெட்டிவிட்டு வரும் அப்பா எதில் திறந்து பார்ப்பார்?

முதல் கட்டத்துக்கு மட்டும் 66 கோடியே 30 லட்சம் ரிங்கிட். தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கையோ, தளத்தின் பயன்பாடு 0.01 முதல் 4.69 விழுக்காடுதான் என்றது. எனக்கு அதில் வியப்பில்லை. அதற்குப் பின் எங்களுக்கு வேகமான இணையம் வரவில்லை; எத்தனை பேர் உள்ளே நுழைந்தார்கள் என்ற கேள்விதான் மாதந்தோறும் வந்தது. மாதக் கடைசியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தோட்டத் தொழிலாளர்கள் காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுப்பதுபோல ஒவ்வொருவராகக் கடவுச்சொல்லைத் தட்டவைத்து உடனே வெளியேறச் சொல்வோம். பெற்றோர் கணக்குகளையும் நாங்களே திறந்து மூடினோம். விழுக்காடு ஏறியது, மேலே மகிழ்ந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பின்னப் பாடத்தையாவது முடித்திருக்கலாம்.

2019 ஜூலையில் கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறச் சொன்னார்கள். என் புதிர்களை மறுபடி முதலிலிருந்து தட்டினேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளி மூடியபோது, கைப்பேசி இருந்த வீடுகளுக்குப் பாடம் வாட்ஸ்அப்பில் போனது. மற்றப் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள்களை நகலெடுத்துத் தோட்டத்து மளிகைக் கடையில் வைத்துவிட்டு வந்தோம்.