ரீசெட் மெயில் வரவே இல்லை: அப்பாவின் கணக்கோடு மூன்று வாரம்

2009-இலிருந்து ஜிமெயில் பயன்படுத்துகிறேன். வீட்டில் யாருக்குப் பாஸ்வேர்டு மறந்தாலும் போன் என் கைக்குத்தான் வரும். அதனால் ரீசெட் மெயில் எங்கெல்லாம் போய் ஒளியும் என்பது ஓரளவு பழக்கம். ஆனால் போன வருஷம் அப்பாவின் மியூச்சுவல் ஃபண்ட் கணக்கில் மூன்று வாரம் அல்லாடினேன். அதை எழுதி வைத்தால் இன்னொருவருக்கு உதவும்.

'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தினோம். 'இந்த முகவரி பதிவாகியிருந்தால் லிங்க் அனுப்பப்படும்' என்று திரையில் வந்தது. அந்த 'பதிவாகியிருந்தால்' முக்கியம். யாருக்கெல்லாம் அங்கே கணக்கு இருக்கிறது என்று வெளியாள் துழாவக் கூடாது என்பதற்காக, முகவரி சரியோ தப்போ ஒரே பதிலைத்தான் காட்டுவார்கள். பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அதைப் பார்த்து மெயில் கிளம்பிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. சித்திக்கு ஒருமுறை ரேஷன் கார்டு வேலைக்காகக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவர் ஜிமெயில் என்பதிலேயே ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தார். இரண்டு நாள் வராத மெயிலுக்குக் காத்திருந்தோம்.

அப்பாவின் முகவரி சரியாகத்தான் இருந்தது. ஸ்பேமில் இல்லை, ப்ரமோஷன்ஸிலும் இல்லை. ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பேமும் ட்ராஷும் அதில் சேராது. கம்ப்யூட்டரில் தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் குறியைத் தொட்டு, அவற்றையும் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும். அப்படியும் தேடினேன். செட்டிங்ஸில் ஃபில்டர் ஏதாவது போட்டிருக்கிறாரா என்றும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குள் அப்பா ஆறு தடவை பட்டனை அழுத்திவிட்டார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல தளங்களில் புது லிங்க் கேட்டதும் பழையது செல்லாமல் போய்விடும். தாமதமாக வந்து சேரும் மெயிலில் எதை அழுத்துவது என்று தெரியாமல் குழம்புவோம்.

பிடி கிடைத்தது வேறு இடத்தில். அந்த நிறுவனத்திடமிருந்து கடைசியாக எப்போது மெயில் வந்தது என்று பார்த்தேன். மாதாமாதம் வந்த ஸ்டேட்மென்ட் மார்ச்சோடு நின்றிருந்தது. ரீசெட் மெயில் மட்டும் இல்லை, அவர்களிடமிருந்து எதுவுமே வரவில்லை!

மார்ச்சில் என்ன நடந்தது என்று யோசித்தபோது நினைவு வந்தது. அப்பாவின் கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி நிரம்பிப் போயிருந்தது. மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜிபி. இப்போது ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில் சேர்ந்துவிட்டது. காலை வணக்க வீடியோ அத்தனையும் அங்கேதான் கிடந்தது. இடம் இல்லையென்றால் வருகிற மெயிலை ஜிமெயில் திருப்பி அனுப்பிவிடும். இதைத்தான் 'பவுன்ஸ்' என்பார்கள். ஜூனில் நான் எல்லாவற்றையும் துடைத்து இடம் உண்டாக்கினேன். மற்ற மெயில்கள் வர ஆரம்பித்தன. இவர்களுடையது மட்டும் வரவில்லை.

காரணம் அவர்கள் பக்கம் இருந்தது. பெரிய நிறுவனங்கள் மெயில் அனுப்புவதற்கென்று தனிச் சேவைகளை வைத்திருக்கும். ஒரு முகவரிக்கு அனுப்பிய மெயில் பலமுறை திரும்பி வந்தால், அந்த முகவரியை அந்தச் சேவை ஒரு தடைப்பட்டியலில் போட்டுவிடக்கூடும். அதற்குப் பிறகு அந்த முகவரிக்கு அனுப்பச் சொன்னாலும் அனுப்பாது. நம் பக்கம் எத்தனை சுத்தம் செய்தாலும் அந்தப் பட்டியலிலிருந்து முகவரி பெரும்பாலும் தானாகப் போகாது.

கஸ்டமர் கேரில் முதல் மூன்று தடவையும், "எங்க சைடுல சென்ட்னுதான் காட்டுது சார், ஸ்பேம்ல பாருங்க" என்றார்கள். நான்காவது தடவை கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

"மேடம், மார்ச்ல இந்த ஐடி பவுன்ஸ் ஆகியிருக்கும். உங்க மெயில் டீம்கிட்ட பவுன்ஸ் லிஸ்ட்ல இருக்கான்னு பார்த்து எடுத்துவிடச் சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் சார்..." நிமிஷம் பத்தானது. "ஆமா சார், பிளாக் ஆகியிருக்கு. டிக்கெட் போட்டிருக்கேன்."

இதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். போலி நம்பர்கள் ஏராளம். பாஸ்வேர்டு போன பதற்றத்தில் இருக்கிறவர்கள்தான் அவர்களுக்குச் சுலபமாகச் சிக்குவார்கள். நான் பழைய ஸ்டேட்மென்டில் அச்சாகியிருந்த எண்ணைத்தான் கூப்பிட்டேன். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

மறுநாள் மதியம் முயன்றபோது அரை நிமிஷத்தில் மெயில் வந்து விழுந்தது. லிங்க் 30 நிமிஷம்தான் செல்லும் என்றிருந்தது. அப்பா தூக்கத்தில் இருந்தார். எழுப்பி, அவர் கையாலேயே புதுப் பாஸ்வேர்டைப் போடச் சொன்னேன். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவை நிறுத்தினோம். இப்போது மாதம் பிறந்ததும் ஸ்டேட்மென்ட் வந்துவிட்டதா என்று அவரே பார்த்து எனக்குச் சொல்லிவிடுகிறார்.